முப்பத்தைந்து கிராம்

கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. எடை அளவு ஆய்வாளரை ஒரு கடைக்காரருக்குப் பிடிக்கிறது என்றால் அவருடைய தராசை இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்று அர்த்தம்.

பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. காலையில் அலுவலக வண்டியில் இரும்பு எடைக்கற்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். கடைக்குள் நுழைந்ததும் தராசின் தட்டைத் துடைக்கச் சொல்வேன். வெறும் தட்டுக்குப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பிறகு என் கல்லை வைப்பேன். கடைக்காரர் தன்னுடைய கல்லை நீட்டினால் தொடக்கூட மாட்டேன். "உங்க கல்லை வெச்சு உங்க தராசைச் சோதிக்கிறது, பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்துற மாதிரி" என்பேன். இந்த வசனத்தை எத்தனை கடைகளில் சொல்லியிருக்கிறேன் என்று எங்கள் ஓட்டுநரைக் கேட்டால் தெரியும். அவருக்கு மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறோம். வண்டியை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் இப்படி வாய் கிழியப் பேசிய நான், என்னை யாராவது அளக்க வந்தபோது என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு என் எடை நூற்று நான்கு கிலோ. ஒரு கிடங்கின் மாடிப்படியில் ஏறும்போது கண் இருட்டி, பதினோராவது படியில் விழுந்தேன். மருத்துவமனையில் மூன்று நாள் படுத்திருந்தேன். "இதயம் எச்சரிக்கை குடுத்திருக்கு. தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார்கள். நடந்தேன். அரை மணி ஒரு மணியானது. நடை ஓட்டமானது. ஒரு வேளை இரண்டு வேளையானது. ஒரு வருடத்தில் முப்பது கிலோ குறைந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. காய்ச்சலோடு ஓடினேன். தங்கை மகளின் திருமணத்தன்று, எல்லோரும் புகைப்படத்துக்கு நிற்கும்போது, மண்டபத்தின் வாகன நிறுத்தத்தில் தோல் செருப்போடு நாற்பது சுற்று ஓடினேன். அந்தக் குடும்பப் படத்தில் நான் இல்லை. என்றைக்காவது ஓட முடியாமல் போனால் அன்று வீட்டில் தட்டு, டம்ளர், மனைவி எல்லாவற்றின் மீதும் எரிந்து விழுவேன். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அளவைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

கால் எலும்பு முதலில் ஒரு முறை கீறல் விட்டது. ஆறினவுடன் மறுபடியும் ஓடி, அதே காலில் இரண்டாவது முறை கீறல். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே, முடி இழை போல ஒரு கோடு.

"எட்டு வாரம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கனமா எதையும் தூக்கக் கூடாது. இன்னொரு தடவை ஆச்சுன்னா எலும்பு ரெண்டாப் போயிடும். அப்புறம் தகடு வெச்சுத் திருகு போடணும். நடைக்கு நான் உத்தரவாதம் இல்ல" என்றார். பிறகு என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நீங்க மேல்மாடியில ஒருத்தரைப் பாக்கணும்" என்றார்.

மேல்மாடியில் இருந்தவர் மனநல ஆலோசகர். என் தங்கை வயது இருக்கும். அவர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இருபது வாக்கியங்கள். 'உடற்பயிற்சி செய்யாத நாளில் எனக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது.' 'உடம்பு சரியில்லாதபோதும் செய்கிறேன்.' 'மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்கிறேன்.' இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை எண்கள். எனக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அந்த எண்ணை வட்டமிட வேண்டும். மொத்தம் நூறு. ஐம்பதைத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்றார்.

"இந்தத் தாளோட பிழை வரம்பு எவ்வளவு?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"நிரப்புறவங்க எவ்வளவு பொய் சொல்றாங்களோ அவ்வளவு" என்றார் அவர், சிரிக்காமல்.

நான் நிதானமாக நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் போட்டால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியாதா? இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று தூவினேன். பதினேழாவது வாக்கியத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. 'ஒரு நாள் நிறுத்தினாலும் பழைய நிலைக்கே போய்விடுவேன் என்று பயப்படுகிறேன்.' அதற்கும் ஒன்று போட்டேன். கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது. தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டும் வியாபாரிகள் எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்! அவர்களில் ஒருவருக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாக ஒட்டத் தெரியாது.

"பத்தொன்பது. சரி, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார் ஆலோசகர்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போலக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ரப்பர் விரிப்பின் மேல் நாற்பது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடினேன்.

குளியலறை போதவில்லை. அலுவலகத்தில் பொருள் அறை ஒன்று இருக்கிறது. எடைக்கற்கள் அங்கேதான் இருக்கும். தினமும் காலையில் கிளம்பும் முன், கடைகளுக்கு எடுத்துப் போகும் கற்களை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் மூலக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடமும் கதவு சாத்தியிருக்கும், யாரும் வர மாட்டார்கள். நான் ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். கைக்கு ஒன்றாக இரண்டு இருபது கிலோ கற்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூலக் கல்லை வெறும் கையால் தொடக்கூட எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள், விரல் வியர்வைகூட எடை சேர்த்துவிடும் என்று. நானோ கடைகளுக்கு எடுத்துப் போகும் கற்களை வியர்வையால் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வேலியே பயிரை மேய்ந்தது.

ஒரு திங்கட்கிழமை, அறுபத்து இரண்டாவது முறை எழுந்திருக்கும்போது காலில் ஊசி குத்தியதுபோல ஒரு வலி. வலது கைக் கல் நழுவித் தரையில் விழுந்தது. என் பாதத்துக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி. தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல, சத்தம் போட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விரிசலின் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டேன். தரையைப் பார்த்தேனே தவிர, கல்லைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முதல் கடை, பழைய இரும்புக் கடை. அதை நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கடைவீதியில் கறார் பேர்வழி. பழைய இரும்பு, காகிதம், பாட்டில் விற்க வருபவர்கள் நாலு கடை தாண்டி அவரிடம் வருவார்கள், எடை சரியாக இருக்கும் என்று. பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

மின்னல் கற்களை இறக்க வந்தார். "நானே தூக்கிக்கறேன்" என்று கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். கற்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதிப்பதுதான் முறை. ஆனால் கொஞ்ச நாளாக நான் இரண்டையும் சேர்த்தே தூக்கி, சேர்த்தே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் மட்டும் தூக்கினால் உடம்பில் பயிற்சி சமமாகச் சேராதாம்.

நாற்பது கிலோ காட்ட வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து அறுபத்தைந்து கிராம் காட்டியது. முப்பத்தைந்து கிராம் குறைவு. வாங்குகிற கடையில் தராசு குறைத்துக் காட்டினால் விற்க வருகிறவனுக்குத்தான் நஷ்டம்.

"என்னம்மா இது? நீங்களுமா?" என்றேன். வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படிதான்.

"சார், எனக்கு ஒண்ணும் புரியல. நேத்து ராத்திரிகூட நானே போட்டுப் பாத்தேன். கல்லை ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க சார்."

"எனக்கு வேலை சொல்லித் தராதீங்க."

"அப்ப என் கல்லையாச்சும் வெச்சுப் பாருங்க."

என் வசனத்தைச் சொன்னேன். பரீட்சை, பேப்பர், எல்லாம். தராசுக்கு முத்திரை வைத்து, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நோட்டீஸை ஒட்டினேன். வரிசையில் நின்ற ஒருவர் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "உங்களையே நம்பினோமேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா கல்லாப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது தானிய மொத்த வியாபாரி. அங்கும் முப்பத்தைந்து கிராம் குறைவு. விற்கிற கடையில் தராசு குறைத்துக் காட்டினால் வியாபாரிக்குத்தான் நஷ்டம். "உங்களை நீங்களே ஏமாத்திக்கிட்டு இருக்கீங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

மூன்றாவது, பார்சல் அலுவலகம். முப்பத்தொன்பது, தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

என் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று இடம், மூன்று தராசு, மூன்று தயாரிப்பு, ஒரே பிழை. மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவு தப்பு செய்ய மாட்டார்கள். அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கற்களை ஒவ்வொன்றாக வைத்தேன். இடது கைக் கல், இருபது கிலோ. வலது கைக் கல், முப்பத்தைந்து கிராம் குறைவு.

அந்தக் கல்லைப் புரட்டிப் பார்த்தேன். எடையைச் சரிக்கட்ட, இரும்புக் கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி விட்டு, அதில் ஈயக் குண்டுகள் போட்டு, ஈயத் தக்கையால் அடைத்து முத்திரை குத்தியிருப்பார்கள். தக்கையைக் காணோம். குழி என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"சார், உடம்பு சரியில்லையா?" என்றார் மின்னல்.

"வண்டியை எடுங்க. ஆபீசுக்கு. கொஞ்சம் வேகமா."

அன்று அவர் முப்பத்தைந்தில் ஓட்டினார்.

பொருள் அறையில் அலமாரிக்கு அடியில் தக்கையும் ஏழு ஈயக் குண்டுகளும் கிடந்தன. பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியாது. தக்கையைத் தட்டி ஏற்றிவிடலாம். 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதி நோட்டீஸை மெதுவாகத் திரும்பப் பெறலாம். பழைய இரும்புக் கடை அம்மா கொஞ்ச நாள் முனகுவார், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி இருந்தது.

ஆனால் அந்த மனிதர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது கண்ணை விட்டுப் போகவில்லை. இருபது வருடமாக அந்த அம்மா சேர்த்த பெயரை நான் பத்து நிமிடத்தில் கெடுத்திருந்தேன். எதற்கு? அறுபத்து மூன்றாவது முறை உட்கார்ந்து எழுவதற்கு. எனக்கு அழுகை வந்தது. கால் வலித்ததனாலும்தான். ஆனால் அது மட்டுமில்லை.

மேலதிகாரியிடம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எடைக்கல்லை வெச்சு உடற்பயிற்சியா?" என்று இரண்டு முறை கேட்டார். துறையில் முதல் முறையாம். விளக்கக் கடிதம், எச்சரிக்கை, ஒரு மாதம் வெளிவேலை இல்லை என்றார். சரி என்றேன். நோட்டீஸை ரத்து செய்யும் உத்தரவை மட்டும் இப்போதே கையோடு கொடுங்கள் என்று நின்று வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம், கடைவீதியில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, பழைய இரும்புக் கடைக்குப் போனேன். காலையில் எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

"இந்தக் கடைத் தராசு சரியா இருக்கு. தப்பு என் கல்லுல. நான் கீழ போட்டுட்டேன். சரிபார்க்காம எடுத்துட்டு வந்துட்டேன். அம்மா, மன்னிச்சுடுங்க."

முத்திரையை அறுத்து, நோட்டீஸைக் கிழித்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணா வைங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"எப்படிக் கீழ விழுந்துச்சு?"

பொய் சொல்ல வாய் தயாராக இருந்தது. "தூக்கித் தூக்கி உடற்பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்தேன்மா. கால் எலும்பு கீறல் விட்டிருக்கு. பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நிறுத்த முடியல" என்றேன்.

நிறுத்த முடியல. அந்த வார்த்தையை நான் முதல் முறையாகச் சொன்னது, மனைவியிடமும் இல்லை, மருத்துவரிடமும் இல்லை. நசுங்கிய தகரங்களுக்கு நடுவே, நான் அவமானப்படுத்திய ஒரு பெண்ணிடம்.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏன் சார், எங்கிட்ட சொல்லியிருந்தா லாரியில இரும்பு ஏத்தவாச்சும் வரச் சொல்லியிருப்பேன்ல? எனக்கும் ஒரு ஆள் மிச்சமாயிருக்கும்" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளி, "முதல்ல உக்காருங்க. நிக்கவே முடியல உங்களால" என்றார். உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் நான் இப்படி ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சத்தியம் செய்பவர்களை நாள் முழுவதும் பார்க்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குளியலறையிலிருந்து ரப்பர் விரிப்பை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். அதில் இரண்டு பாதம் அளவுக்குத் தேய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

"இது மூணாவது விரிப்பு" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆலோசகரிடம் மறுபடி போனபோது மனைவியையும் கூட்டிப் போனேன். "அந்தப் பத்தொன்பதைக் கிழிச்சுடுங்க. அது என் கல்லை வெச்சு நானே போட்ட எடை" என்றேன். "இவளுக்கும் ஒரு தாள் குடுங்க. என்னைப் பத்தி இவளும் போடட்டும். எங்க தொழில்ல வெளிக் கல்தான் செல்லும்."

இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து நிரப்பினோம். ஒவ்வொரு வட்டம் போடும்போதும் முதுகில் இருந்து ஒரு மூட்டை இறங்குவது போல இருந்தது. ஆலோசகர் கூட்டினார். எனக்கு எண்பத்தொன்று. அவள் போட்டது எண்பத்து மூன்று.

"ரெண்டுதான் வித்தியாசம். அனுமதிச்ச பிழைக்குள்ள இருக்கு" என்றேன். எண்பத்தொன்று மோசமான எண். ஆனால் உண்மையான எண். எனக்கு வந்த நிம்மதிக்கு அளவே இல்லை. மூவரும் சிரித்தோம்.

ஆலோசகர் இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். "பதினேழாவது வாக்கியம். ரெண்டு பேருமே அஞ்சு போட்டிருக்கீங்க" என்றார்.

ஒரு நாள் நிறுத்தினாலும் பழைய நிலைக்கே போய்விடுவேன் என்ற பயம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓடாத ஒவ்வொரு நாளும் அந்தப் பதினோராவது படி என் காலுக்கடியில் வந்து நிற்கும். நின்றால் விழுவேன், விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் ஓடினேன். வேறு எதற்காகவும் இல்லை.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் அதே பயம்தாங்க. ஆஸ்பத்திரியில அந்த மூணு நாள் நான் வெளிய உக்காந்திருந்தேன்ல. தினம் குழாய்ச் சத்தம் கேக்கும்போதெல்லாம் கதவைத் தட்டலாம்னு வருவேன். நிறுத்தச் சொல்லி, நீங்க நிறுத்தி, அப்புறம் ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? அதான் தட்டல. சத்தம் நிக்கிற வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கமே நிப்பேன்."

கதவுக்கு உள்ளே நான் ஓடிக்கொண்டிருந்த நாற்பது நிமிடமும் அவள் வெளியே நின்றிருக்கிறாள். இது எந்தத் தாளிலும் வராத கணக்கு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆலோசகர் ஏதோ கோப்பைத் தேடுவது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு வாராவாரம் போனோம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் கை கால் பரபரக்க, வீட்டில் யார் தும்மினாலும் கோபம் வந்தது. இதயத்தைச் சோதித்தார்கள், நன்றாக இருக்கிறது. ஒன்பதாவது வாரம் எலும்பு மருத்துவர் படத்தைக் காட்டினார். கோட்டைக் காணோம். "நடக்கலாம். இருபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது. தினமும் வேண்டாம்" என்றார்.

முதல் நாள் மனைவியும் கூட வந்தாள். கைக்கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்துக்கொண்டேன். பூங்காவைப் பாதி சுற்றியிருப்போம். அவள் ஒரு பெஞ்சைப் பார்த்து, "எனக்குக் கால் வலிக்குது. போதும், உக்காரலாம்" என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றேன். கடிகாரத்தை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.